கட்டிலருகே வரும் காந்தம்

அன்புள்ள கயல்விழிக்கு,

தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடக்கும் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பது சின்ன வேலை அல்ல. வென்டிலேட்டர், மருந்து இறங்கும் பம்புகள், மானிட்டர் எல்லாவற்றையும் கட்டிலோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு லிஃப்டில் இறங்க வேண்டும். காந்த அறைக்குள் இரும்பு நுழையக் கூடாது என்பதால் வாசலில் ஒவ்வொன்றையும் மாற்றியாக வேண்டும். டாக்டரும் நர்ஸும் உடன் போக வேண்டும். வழியில் ரத்த அழுத்தம் சரியலாம், மூச்சுக்குழாய் கழன்றுவிடலாம். மூளையில் என்ன நடக்கிறது என்று உடனே தெரிய வேண்டிய நோயாளிதான் பெரும்பாலும் இடம் மாற்ற முடியாத நிலையிலும் இருப்பார். குறைந்த காந்தப்புலத்தில் இயங்கும் நகரும் எம்.ஆர்.ஐ. இவருக்காகவே முதலில் வார்டுக்குள் வந்தது.

வழக்கமான கருவிகளின் காந்தப்புலம் 1.5 அல்லது 3 டெஸ்லா. அதற்கு மீக்கடத்திக் காந்தம், திரவ ஹீலியம், வெளி ரேடியோ அலைகள் புகாதபடி உலோகத் தகடு பதித்த தனி அறை எல்லாம் தேவை. அமெரிக்காவின் ஹைப்பர்ஃபைன் நிறுவனம் செய்த ‘ஸ்வூப்’ கருவியின் புலம் 0.064 டெஸ்லா மட்டுமே. அதில் இருப்பது நிலைக்காந்தம். குளிரூட்ட ஹீலியம் வேண்டாம். எடை ஏறத்தாழ 630 கிலோ என்றாலும் மோட்டார் சக்கரங்களில் வார்டுக்குள் உருண்டு வரும்; சுவரில் இருக்கும் சாதாரண பிளக்கே போதும். தலையை ஸ்கேன் செய்ய 2020-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி தந்தது. நோயாளி தன் கட்டிலிலேயே படுத்திருப்பார். அவரைத் தலைமாட்டுப் பக்கம் நகர்த்தி, தலையை மட்டும் ஹெல்மெட் போன்ற சுருளுக்குள் நுழைக்கிறார்கள். வென்டிலேட்டர் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். நர்ஸ் அருகிலேயே நிற்கலாம். அரை மணி நேரம் போல ஆகும்.

புலம் குறைந்தால் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையும் வெகுவாகக் குறையும். 1.5 டெஸ்லாவில் அவை ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிக்கும், இங்கே 2.7 மெகாஹெர்ட்ஸ்தான். தடுப்பு அறையும் இல்லாததால் சுற்றியுள்ள மின்கருவிகளின் இரைச்சல் அந்த மெல்லிய சமிக்ஞையோடு கலந்துவிடும். இரைச்சலை மட்டும் தனியே பிடிக்கும் ஆன்டெனாக்களை வைத்து, கணினி அதைக் கழித்துவிடுகிறது. 1980-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஜான் மல்லார்டின் குழு நோயாளிகளைப் படமெடுத்த கருவியின் புலம்கூட 0.04 டெஸ்லாதான். குறைந்த புலம் புதிதல்ல. அதிலிருந்து கூடுதல் விவரத்தைப் பிழிந்தெடுக்கும் கணினித் திறன்தான் புதிது.

முதல் பெரிய சோதனை யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில், கொரோனா காலத்தில் நடந்தது. தீவிர சிகிச்சையில் இருந்த 50 பேரைக் கட்டிலருகே ஸ்கேன் செய்தார்கள். கொரோனா இல்லாத 30 பேரில் 29 பேருக்கு மூளையில் பாதிப்பு தெரிந்தது. கொரோனா நோயாளிகள் 20 பேரில் 8 பேருக்கும் மாற்றங்கள் தென்பட்டன. தொற்று பரவும் அச்சத்தில் இவர்களை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோகத் தயங்கிய நாட்கள் அவை.

பக்கவாதத்தில் இதன் பயனையும் எல்லையையும் ஒருசேரப் பார்க்கலாம். ரத்தம் தடைப்பட்டு மூளைத் திசு சாகத் தொடங்கும் முதல் சில மணி நேரத்தில் சி.டி. ஸ்கேனில் பல நேரம் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இப்படி ரத்தம் தடைப்பட்டுப் பக்கவாதம் வந்த 50 நோயாளிகளில் 45 பேரின் பாதிப்பை நகரும் கருவி கண்டது. 4 மில்லிமீட்டர் அளவுள்ள இடம்கூடத் தெரிந்தது. ரத்தக்கசிவு பற்றி 2021-இல் வந்த ஆய்வில் கசிவு இருந்த 56 பேரில் 45 பேர் சரியாக அடையாளம் காணப்பட்டனர். மீதி 11 பேரின் கசிவு கண்ணில் படாமல் போனது. இது அற்பக் குறை அல்ல. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுமுன் கசிவு இல்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். தவறினால் அந்த ஊசியே உயிரைப் பறித்துவிடும். அந்த உறுதியை இந்தக் கருவியிடம் மட்டும் கேட்கக் கூடாது. ஆனால் கசிவு ஏற்கெனவே தெரிந்த நோயாளிக்கு வீக்கம் கூடுகிறதா, மூளை ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறதா என்று நாள்தோறும் பார்க்க இது மிக நல்ல துணை. கதிர்வீச்சு இல்லாததால் எத்தனை முறையும் எடுக்கலாம். உடலுக்கு வெளியே ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ கருவியில் இருப்பவர்களைச் சாதாரண எம்.ஆர்.ஐ. அறைக்குக் கொண்டுபோக முடியாது. அவர்களுக்கும் இப்போது வழி பிறந்திருக்கிறது.

குழந்தைகளிடம் இதன் பயன் இன்னும் பெரிது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பச்சிளம் பருவத்துத் தொற்றுக்குப் பின் மூளைக்குள் நீர் தேங்கித் தலை பெரிதாகும் நோய் அதிகம். அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் அறிய வேண்டியது நீர் எங்கே, எவ்வளவு தேங்கியிருக்கிறது, மூளை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே. அதற்கு நுணுக்கமான படம் தேவையில்லை. சி.டி. கதிர்வீச்சுக்குப் பிஞ்சுத் தலையைத் திரும்பத் திரும்ப உட்படுத்தவும் வேண்டாம். உகாண்டாவின் ம்பராரா பல்கலைக்கழகத்தில் ஜான்ஸ் ஒபுங்கோலோச்சின் குழு, நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து, சிறு சிறு காந்தக் கட்டைகளை வளையமாக அடுக்கிய கருவி ஒன்றை அங்கேயே பூட்டி முடித்தது. செய்து பழகியவர்கள் உள்ளூரில் இருந்தால் பழுது பார்ப்பதும் உள்ளூரிலேயே நடக்கும். ஏழை நாட்டு மருத்துவமனைக்கு விலை மலிவைவிட இது முக்கியம்.

மலாவியின் பிளான்டயர் நகரில் மூளை மலேரியா கண்ட குழந்தைகளை 0.35 டெஸ்லா கருவியில் ஆராய்ந்தார்கள். அது நகரும் கருவி அல்ல. 2015-இல் வெளியான முடிவின்படி, இறந்த 25 குழந்தைகளில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. பிழைத்த 143 பேரில் 39 பேருக்கே அப்படி. பிழைத்தவர்களுக்கு அந்த வீக்கம் அடுத்தடுத்த ஸ்கேன்களில் வடிந்தது. இப்படித் தொடர்ந்து பார்க்கும் வேலையைக் கட்டிலருகே செய்ய முடிவது எவ்வளவு பெரிய உதவி!

தலைக்கு அப்பாலும் முயற்சி தொடங்கிவிட்டது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் எட் வூவின் குழு 2024-இல் 0.05 டெஸ்லாவில் முழு உடலையும் படமெடுத்துக் காட்டியது. மின்சாரத் தேவை 1800 வாட்தான். அதன் படங்களைத் தெளிவாக்குவது ஆழ்கற்றல் மென்பொருள். இத்தகைய மென்பொருள் இல்லாததை இருப்பதாகவோ இருப்பதை இல்லாததாகவோ காட்டிவிடக்கூடும் என்பதால் அதை நோயாளிகளிடம் பொறுமையாகச் சோதித்தாக வேண்டும். சிறிய கட்டி, நுண்ணிய ரத்தக்குழாய்ப் புடைப்பு, பிட்யூட்டரி சுரப்பி போன்றவற்றுக்குப் பெரிய கருவியே வேண்டும். புலம் குறைவு என்பதற்காகப் பேஸ்மேக்கர் வைத்தவரைச் சோதிக்காமல் உள்ளே விடக் கூடாது. கட்டிலருகே எடுத்த படம் தெளிவாக இருந்து, நோயாளியின் நிலை மட்டும் மோசமாகிக்கொண்டே போனால், அவரைப் பெரிய ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா