பாக்கெட்டில் ஒரு கத்தி

கேள்வி: பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள நல்ல கனமான மடக்குக் கத்தி வாங்கலாமா?
- வாசகர், அனுப்பர்பாளையம்

பதில்: கனத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெயர்பெற்ற விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன் மடக்குக் கத்தியே சுமார் 60 கிராம்தான். ஆனால் அதில் பூட்டு கிடையாது. அட்டைப்பெட்டியில் அழுத்திக் குத்தினால் விரல்மேலேயே மடங்கும். எதை வாங்கினாலும், கடையிலேயே விரித்து அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடத்தால் வைத்துவிட்டு வாருங்கள். நுனி ஊசியாக இருந்தால் டேப்போடு உள்ளேயிருக்கும் டி-ஷர்ட்டும் கிழியும். அந்தப் பீஸ் ரிஜெக்ட்!

இன்னொன்று. ஏற்றுமதி கம்பெனிகளில் நூல் வெட்டும் டிரிம்மரையே கயிற்றில் கட்டி, எண்ணித்தான் கொடுப்பார்கள். உடைந்த இரும்புத் துணுக்கு துணியோடு போய்விடக் கூடாதே. சொந்தக் கத்தியை உள்ளே விடுவார்களா என்று சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.