வலைப்பை

நுழையும் முன்

நாள்தோறும் புத்தகப்பையைச் சுமந்து பள்ளிக்கு வருகிறோம். அப்பையை எதனைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம்? நிறத்தையா, விலையையா, உள்ளே வைக்கும் பொருளையா? இவ்வினாவை மனத்திற்கொண்டு பாடத்தைப் படிப்போம்.

பாடம்

பெங்களூரு, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநில நகரம். இங்குக் கடல் இல்லை. ஆயினும், கடலின் அடியில் உள்ள மீன்களையும் பவளங்களையும் மூழ்கிக் காண விரும்புவோர் இந்நகரில் உளர். அவர்கள் இரவுப் பேருந்தில் ஏறி, கர்நாடகக் கடற்கரையிலுள்ள முருதேசுவரத்தை அடைவர். அங்கிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில் நேத்ராணித் தீவு உள்ளது. அத்தீவைச் சூழ்ந்த கடலில் மூழ்குவர்.

சொந்தக் கருவிகள் உடையோர் பெரிய பையொன்றைக் கொண்டு செல்வர். கண்களைக் காக்கும் முகக்கண்ணாடி, காலில் அணியும் நீந்துதுடுப்பு, ரப்பர் உடை, ரெகுலேட்டர் என்னும் சுவாசக் கருவி ஆகியன அதில் இருக்கும். காற்று உருளையையும் ஈயக்கட்டிகளையும் மூழ்கும் இடத்திலேயே பெற்றுக்கொள்வர், அவற்றைச் சுமப்பதில்லை.

இப்பையைத் தேர்ந்தெடுக்க முதலில் அளக்க வேண்டியது நீந்துதுடுப்பின் நீளத்தை. கருவிகளுள் மிக நீளமானது பெரும்பாலும் அதுவே. அடுத்து, பயணத்தை எண்ண வேண்டும். நெடுந்தொலைவு செல்வோர்க்குச் சக்கரம் பொருத்திய மூடுபை ஏற்றது. அது கருவிகளை இடிபடாமல் காக்கும். ஆனால் மூழ்கி எழுந்தபின் ஈரக் கருவிகளை அதனுள் அடைத்தால் பூஞ்சை படரும். உப்புநீர் உலோகத்தை அரிக்கும். படகில் செல்வோர்க்கு வலைப்பையே ஏற்றது. நீர் வடியும், காற்று நுழையும், கருவிகளைப் பையோடு நன்னீரில் அலசவும் இயலும். அறிந்தோர் இரண்டையும் வைத்திருப்பர்.

வலைப்பையின் சிறப்பை நம் முன்னோர் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். கொற்கையும் தூத்துக்குடியும் முத்துக்குப் பெயர்பெற்ற ஊர்கள். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளைப் ‘பார்’ என்பர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகம் வந்த மார்க்கோ போலோ, முத்துக் குளிப்போர் உடலில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு மூழ்கியதைக் குறித்துள்ளார்.

அவர்களிடம் காற்று உருளை இல்லை. கயிற்றில் கட்டிய கல்லின் துணையால் விரைந்து அடியை அடைவர். அடக்கிய மூச்சு ஏறத்தாழ ஒரு நிமிடமே நிற்கும். அதற்குள் சிப்பிகளைத் திரட்டிப் பையில் இட வேண்டும். மூடிய துணிப்பையாயின் நீரும் நிறைந்து மேலே வரும், தூக்குவோர்க்கு வீண்சுமையாகும். வலைப்பையோ நீரை வழியிலேயே விட்டுவிட்டுச் சிப்பிகளை மட்டும் கொண்டு வரும். பையைத் தனிக்கயிற்றில் கட்டும் முறையும் இருந்தது. அம்முறையில், பையைப் படகில் இருப்போர் மேலே இழுப்பர். மூச்சு தீரும் வேளையில் மூழ்கியவர் சுமையின்றி எழுவார். இவ்வாறு, பையின் அமைப்பு உயிரைக் காப்பதாகவும் இருந்தது.

இன்றும் பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்ப் பெண்கள் காற்று உருளையின்றி மூழ்கிக் கடற்பாசி சேகரிக்கின்றனர். பாசி மீண்டும் வளர வேண்டும் என்பதற்காக, சேகரிக்கும் நாள்களுக்கு அவர்களே வரம்பு வகுத்துக்கொண்டனர். பை நிறைவதே பெரிதென அவர்கள் எண்ணவில்லை. அவர்களுள் ஒருவரான இலட்சுமி மூர்த்தி, 2015இல் சீகாலஜி என்னும் பன்னாட்டு விருதைப் பெற்றார்.

மாணவர்களே! புத்தகப்பையின் எடை மாணவர் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகக்கூடாது என்கிறது பள்ளிப்பைக் கொள்கை 2020. 30 கிலோ எடையுள்ள மாணவர் சுமக்கத்தக்கது 3 கிலோ. இன்று மாலை உங்கள் பையை முழுவதும் வெளியே எடுத்து வையுங்கள். நாளைக்கு வேண்டியதை மட்டும் மீண்டும் உள்ளே வையுங்கள். வேண்டாததை விட்டுவிடும் திறமே வலைப்பை நமக்குக் கற்பிக்கும் பாடம்.

சொற்பொருள்

பார் – முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டு
நன்னீர் – உப்பில்லாத நீர்
வரம்பு – எல்லை
மிகுதல் – அளவைக் கடத்தல்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: நன்னீர், கடற்கரை, முத்துச்சிப்பி.

2. விடை எழுதுக:
அ) மூடுபை, வலைப்பை ஆகியவற்றின் பயன்களை ஒப்பிடுக.
ஆ) வலைப்பை முத்துக் குளிப்போர்க்கு எவ்வாறு உதவியது?
இ) கடற்பாசி சேகரிக்கும் பெண்கள் நாள்களுக்கு வரம்பு வகுத்தது ஏன்?

3. செயல்பாடு: உங்கள் சொந்த ஊரில் வழங்கும் பை, கூடை வகைகளின் பெயர்கள் ஐந்தினை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. ஒவ்வொன்றும் எப்பொருளைச் சுமக்கப் பயன்படுகிறது எனக் குறிப்பிடுக. (சான்று: சுருக்குப்பை – காசு, வெற்றிலை)