தொடைக்குச் சூடு, தலைக்கு நிழல்: ஓட்டப் பந்தய நாளுக்கு 10 குறிப்புகள்

100 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் எல்லாம் சில வினாடிகளில் முடிந்துவிடும். இவற்றுக்குத் தசை சூடாக இருக்க வேண்டும்; ஆனால் உடம்பு முழுவதும் கொதிக்கக் கூடாது. பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. தசையின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினாலே குறுகிய நேர வேகமும் விசையும் 2 முதல் 5 சதவீதம் வரை கூடும். சூடான தசை விரைந்து சுருங்கும்; நரம்பின் கட்டளையும் விரைந்து வந்து சேரும்.

2. மெதுவோட்டத்தில் தொடங்கி, கால் வீசுதல், முழங்காலை உயர்த்தி ஓடுதல், கடைசியில் இரண்டு மூன்று குட்டிப் பாய்ச்சல்கள் என 10 முதல் 15 நிமிடம் வார்ம்-அப் செய்தால் போதும். லேசாக வியர்த்தால் தசை சூடேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

3. ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் காலை இழுத்துப் பிடிக்கும் பயிற்சியை ஓட்டத்துக்குச் சற்று முன் தவிர்த்துவிடுங்கள். பாயும் விசை கொஞ்ச நேரத்துக்குக் குறையும்.

4. ஏறிய சூடு 15, 20 நிமிடத்தில் பெருமளவு இறங்கிவிடும். பெயர் கூப்பிடும்வரை டிராக் பேன்ட்டைக் கழற்ற வேண்டாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் சைக்கிள் வீரர்கள் பேட்டரியால் சூடேறும் கால்சட்டை அணிந்து காத்திருந்தது இதற்காகத்தான்.

5. போட்டி தள்ளிப்போனால் உட்கார்ந்துவிடாதீர்கள். அவ்வப்போது எழுந்து நின்ற இடத்திலேயே ஓடி, இரண்டு முறை குதித்தால் சூடு தங்கும்.

6. மார்கழிக் காலையிலும் ஊட்டி போன்ற ஊர்களிலும் வெந்நீரில் குளித்துவிட்டுக் கிளம்பலாம். மைதானம் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சூடு ஆறிவிடும் என்பதால் வார்ம்-அப்பை விடக் கூடாது.

7. தைலம் தேய்த்தால் தோல் எரியுமே தவிர, அடியில் இருக்கும் தசை சூடேறாது.

8. உச்சி வெயிலில் போட்டி என்றால் வார்ம்-அப்பைப் பாதியாகக் குறைத்து நிழலில் செய்யுங்கள். முகத்திலும் கழுத்திலும் ஈரத்துணி வைக்கலாம்; தொடையில் ஐஸ் வைக்காதீர்கள், சேர்த்த சூடு போய்விடும். தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும்.

9. கபடி, கால்பந்து ஆடுபவர்களுக்குக் கணக்கு வேறு. ஒரே ஒரு பாய்ச்சலுக்கு உதவும் வெப்பம், திரும்பத் திரும்பப் பாயும்போது எதிரியாகிவிடும். உடலின் உள்வெப்பம் 39 டிகிரியைத் தாண்டினால் அடுத்தடுத்த பாய்ச்சல்களில் வேகம் இறங்கும். இடைவேளையில் நிழல், விசிறி, குளிர்ந்த நீர் மூன்றும் தயாராக இருக்கட்டும்.

10. தலைசுற்றல், வாந்தி, கடுமையான தலைவலி வந்தால் உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் நீர் ஊற்றி விசிறுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டாம். நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் புகட்டக் கூடாது.