முதல் ஆர்.சி. விமானம்: காசை எங்கே போடணும்?

முதல் விமானம் வாங்கப் போறீங்களா? கண்ணு ஜெட் மாடல் மேலதான் போகும். விட்டுடுங்க. இறக்கை உடம்புக்கு மேலே இருக்கிற ஃபோம் டிரெய்னர் போதும். விழுந்தாலும் பசை போட்டு ஒட்டிடலாம்.

யோசிச்சு வாங்க வேண்டியது மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி., பேட்டரி. மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். மோட்டார் முழு வேகத்தில் 22 ஆம்பியர் இழுக்குதுன்னா, ஈ.எஸ்.சி. 30 ஆம்பியருக்கு வாங்குங்க. நான் 20 போதும்னு நினைச்சேன். ரெண்டாவது நிமிஷமே புகை. ஆறு மாசம் சேர்த்த காசும் அதோட போச்சு. புரொப்பெல்லரைப் பெருசா மாட்டினாலும் ஆம்பியர் ஏறும். அதனால பறக்கவிடும் முன்னாடி, விமானத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, வாட்மீட்டர் வச்சுத் தரையிலேயே அளந்துடுங்க.

பேட்டரியில் 2200 எம்.ஏ.ஹெச்., 25சி என்று போட்டிருந்தால், 2.2 × 25 = 55 ஆம்பியர் வரை தரும்னு அர்த்தம். லேபிளை அப்படியே நம்பாதீங்க. பாதின்னு வச்சுக்கிட்டாலும் 27. நம்ம 22-க்குத் தாங்கும். 3எஸ் லிப்போ முழு சார்ஜில் 12.6 வோல்ட். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினா பேட்டரி பாழ்.

சார்ஜர்ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. பேலன்ஸ் சார்ஜர்தான் வேணும். இந்த பேட்டரிக்கு 2.2 ஆம்பியரில் ஏத்தினா போதும். ஹாஸ்டல் ரூம்ல சார்ஜ் போட்டுட்டுத் தூங்கவே கூடாது. லிப்போ தீப்பிடிக்கும், பக்கத்துலயே மெத்தை இருக்கும். உப்பின பேட்டரியை மறுபடி சார்ஜில் போடாதீங்க. செமஸ்டர் லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது, செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வச்சுட்டுப் போங்க.