செல்போன் டவரும் சிட்டுக்குருவியும்

மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாள். அந்தத் தேதி நெருங்கும்போதெல்லாம் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் ஒரே செய்தி திரும்ப வரும்: செல்போன் டவர்கள் வெளியிடும் கதிர்வீச்சு சிட்டுக்குருவிகளை அழித்துவிட்டது. பள்ளிக் கட்டுரைப் போட்டிகளில் பிள்ளைகள் இதை எழுதுகிறார்கள், மேடைகளில் பெரியவர்கள் பேசுகிறார்கள். 2018 நவம்பரில் வெளியான ‘2.0’ திரைப்படம் இந்தக் கருத்தையே கதையின் முதுகெலும்பாக்கியது. வெளியீட்டுக்கு முன்பு செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொண்டுபோக, ஏதோ உண்மை இருப்பதால்தான் பதறுகிறார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். இந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருப்பது பறவை மீதான அன்பு. அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் குற்றவாளி என்று நாம் கைகாட்டும் இடம் தவறு என்றே தெரிகிறது. தவறான இடத்தைக் காட்டுவதால் குருவிக்குத்தான் நட்டம்.

முதலில் காலக்கணக்கு. ஒன்றினால் இன்னொன்று நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் காரணம் முன்னால் வர வேண்டும். சிட்டுக்குருவியை மிக நீண்டகாலம் எண்ணிய இடங்களில் ஒன்று லண்டனின் கென்சிங்டன் தோட்டம். 1925இல் பறவை ஆய்வாளர் மாக்ஸ் நிக்கல்சன் அங்கே எண்ணியபோது 2,603 குருவிகள் இருந்தன. 1948இல் 885. 1975இல் 544. 2000ஆம் ஆண்டில் வெறும் 8. பிரிட்டனில் செல்போன் சேவை தொடங்கியது 1985 ஜனவரியில். அதற்குப் பத்தாண்டு முன்பே அந்தத் தோட்டம் தன் குருவிகளில் ஐந்தில் நான்கு பங்கை இழந்துவிட்டது. முதல் சரிவுக்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணத்தில் ஒரு தொழில்நுட்பம் இருக்கவே செய்கிறது, அது மோட்டார் வண்டி. தெருவெல்லாம் குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில் குதிரைத் தீவனத்திலிருந்து சிந்திய ஓட்ஸ் தானியமும், சாணத்தில் செரிக்காமல் கிடந்த தானியமும் நகரக் குருவிகளுக்குச் சோறு போட்டன. கார்கள் வந்தன, குதிரைகள் போயின, சோறும் போயிற்று. பிரிட்டன் முழுவதையும் எடுத்துக்கொண்டால் 1977க்கும் 2008க்கும் இடையே சுமார் 70 விழுக்காடு குருவிகள் குறைந்தன. அந்தச் சரிவும் செல்போனுக்கு முன்பே தொடங்கியதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1980க்குப் பிறகு ஏறக்குறைய 25 கோடிச் சிட்டுக்குருவிகள் இல்லாமல் போனதாக 2021இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. எல்லாப் பறவைகளையும் சேர்த்துப் பார்த்தால் அங்கே வீழ்ச்சி கடுமையாக இருந்தது 1980களிலும் 90களிலும். ஆய்வு பார்த்த கடைசிப் பத்தாண்டில் அது தணிந்திருக்கிறது. டவர்களோ அந்தப் பத்தாண்டிலும் பெருகிக்கொண்டேதான் இருந்தன. அலைகள் பெருகிய காலத்தில் இழப்பு குறைந்திருக்கிறது.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே செல்போன் சேவை தொடங்கியது 1995 ஜூலை 31 அன்று. இன்று 100 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன, டவர் தெரியாத கிராமம் அரிது. கதிர்வீச்சுதான் கொல்கிறது என்றால் நாடு முழுவதும் குருவி வீழ்ந்திருக்க வேண்டும். 2020இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை, 15,500க்கும் அதிகமான பறவை நோக்கர்கள் பதிவுசெய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி சிட்டுக்குருவியின் எண்ணிக்கை நாட்டளவில் அதற்கு முந்தைய 25 ஆண்டுகளில் ஏறத்தாழ நிலையாகவே இருந்தது. குறைந்திருப்பது சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய பெருநகரங்களில். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். சென்னைவாசி தன் தெருவில் குருவியைக் காணோம் என்று சொல்வது உண்மை. அதிலிருந்து குருவி இனமே அழிகிறது என்று முடிவுகட்டுவது பிழை. வேறுபாடு நகரத்துக்கும் ஊருக்கும் இடையில் இருக்கிறது, டவர் உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் இடையில் இல்லை.

இதற்கு எதிராகக் காட்டப்படும் ஆய்வுகள் சில உண்டு, அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2007இல் ஸ்பெயினின் வல்லாடோலித் நகரிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் இரு ஆய்வுகள் வந்தன. மின்காந்த அலை வலுவாக இருந்த இடங்களில் குருவிகள் குறைவாகக் காணப்பட்டன என்று இரண்டும் கூறின. நம் நாட்டில் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010இல் அமைத்த குழுவும், தான் படித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை உயிர்களுக்குப் பாதிப்பைக் காட்டுவதாக அறிக்கை தந்தது. இவற்றை எப்படி எடுத்துக்கொள்வது? டவர் எங்கே வைக்கப்படுகிறது என்று யோசித்தால் சிக்கல் புரியும். மக்கள் நெருக்கமாக வாழும் இடத்தில், உயரமான கட்டடங்கள் எழுந்த இடத்தில், வண்டிகள் நெரியும் இடத்தில்தான் அலைகள் வலுவாக இருக்கும். அதே இடத்தில்தான் மரமும் புதரும் குறைவு, வெறும் மண் குறைவு, புழுபூச்சி குறைவு, சுவரில் பொந்து குறைவு. குருவி குறைந்ததற்கு இவற்றில் எது காரணம் என்பதை, இரண்டு அளவுகள் ஒன்றாக ஏறி இறங்குவதை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. அந்த இரு ஆய்வுகளும் ஒரு கேள்வியை எழுப்பின, அவ்வளவே. குழு படித்த ஆய்வுகளும் ஒரே தரத்தவை அல்ல. பல ஆய்வுகளை எண்ணிப் பெரும்பான்மை பார்ப்பது தேர்தலுக்குச் சரி. அறிவியலில் ஒவ்வோர் ஆய்வும் எப்படி நடந்தது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் முட்டைகளுக்குப் பக்கத்தில் செல்போனை வைத்துச் செய்த சோதனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சில அங்குலத் தொலைவில் ஒரு கருவியை ஓயாமல் இயக்கினால் அது வெப்பத்தையும் தரும், அலையும் அங்கே வலுவாக இருக்கும். திறந்தவெளியில் அலை பரவும்போது தூரம் இருமடங்கானால் வலு நான்கில் ஒன்றாகிவிடும், பத்து மடங்கானால் நூறில் ஒன்று. முட்டையருகே வைத்த போனைக் காட்டி நூறு மீட்டர் தள்ளி நிற்கும் டவரைக் குற்றம்சாட்ட முடியாது. கதிர்வீச்சு என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். எக்ஸ் கதிரும் கதிர்வீச்சு, அணுக்கழிவிலிருந்து வருவதும் கதிர்வீச்சு, வெயிலும் விளக்கொளியும் கதிர்வீச்சு. எக்ஸ் கதிருக்கு அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்க்கும் ஆற்றல் உண்டு, அதனால் மரபணு சிதையலாம். செல்போன் அலையின் ஒரு துகளில் இருக்கும் ஆற்றலோ, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு துகளில் இருப்பதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் நிகழக்கூடியது என்று உறுதியாக நிறுவப்பட்ட விளைவு திசுவைச் சூடாக்குவது. அதற்கான வரம்பைத்தான் அரசுகள் விதிக்கின்றன. இந்தியா 2012 செப்டம்பரில் டவர்களுக்கான வரம்பைப் பன்னாட்டு வழிகாட்டுதலின் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது.

ஆனாலும் பறவைகளுக்கும் மின்காந்த அலைகளுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதுவும் உண்மையாகாது. 2014இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஓர் அருமையான ஆய்வை வெளியிட்டார்கள். இரவில் வலசை போகும் ராபின் பறவைகள் புவியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை அறிகின்றன. நகரத்து மின்காந்த இரைச்சலில் அவை திசை தடுமாறின. அந்த இரைச்சலை மறைக்கும் அலுமினியத் தடுப்பைச் சுற்றிலும் அமைத்ததும் சரியான திசையைக் கண்டுகொண்டன. சோதனை பல ஆண்டுகள் நடந்தது, எந்தப் பறவைக்கு எந்தச் சூழல் என்று அறியாமலே பதிவுசெய்யும் கட்டுப்பாடும் இருந்தது. ஆனால் தொல்லை தந்த அலைவரிசை 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது ஏஎம் வானொலியும் மின்கருவிகளும் எழுப்பும் இரைச்சலின் எல்லை. செல்போன்கள் இயங்குவது அதைவிட நூறு மடங்குக்கும் மேலான அலைவரிசைகளில். இந்த ஆய்வை ‘செல்போனால் பறவைகள் பாதிப்பு’ என்று செய்தியாக்குவது எளிது. உள்ளே போய்ப் படித்தால் அது சொல்வது வேறு.

செய்தி இப்படித் திரிவதற்கு நல்ல எடுத்துக்காட்டு லண்டனின் ‘தி இண்டிபெண்டென்ட்’ நாளிதழ். 2000ஆம் ஆண்டில் அந்த இதழ் பாராட்டத்தக்க ஒன்றைச் செய்தது. நகரங்களிலிருந்து சிட்டுக்குருவி மறைவதற்கான காரணத்தை அறிவியல் முறைப்படி நிறுவுவோருக்கு 5,000 பவுண்டு பரிசு என்று அறிவித்தது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு விடை தேடச் சொன்ன இதழியல் அது. அதே குழுமத்தின் ஞாயிறு இதழ் 2007 ஏப்ரலில், தேனீக்களை அழிப்பது செல்போனா என்ற கேள்வியோடு ஒரு செய்தியை வெளியிட்டது. அடிப்படையாகக் காட்டப்பட்டது ஜெர்மனியின் லாண்டாவ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சிறு சோதனை. அதில் பயன்பட்டது செல்போனே அல்ல. வீட்டுக்குள் பயன்படுத்தும் கம்பியில்லாத் தொலைபேசியின் அடித்தாங்கியைச் சில தேன்கூடுகளுக்குள் வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் அப்போது தேனீக்கள் கூட்டம்கூட்டமாகக் காணாமல் போன நிகழ்வை அவர்கள் ஆராயவும் இல்லை. இதை ஆய்வாளர்களே எடுத்துச் சொன்னார்கள். அதற்குள் செய்தி உலகைச் சுற்றிவிட்டது. திருத்தம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஒரே நிறுவனத்திடமிருந்து இரண்டும் வந்திருக்கின்றன. ஆகவே எந்தப் பத்திரிகை நம்பத்தக்கது என்று ஒருமுறை முடிவுசெய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. ஒவ்வொரு செய்தியிலும் என்ன அளந்தார்கள், எதைக் கொண்டு அளந்தார்கள், எத்தனையை அளந்தார்கள் என்று பார்த்தாக வேண்டும். தலைப்பில் கேள்விக்குறி இருந்தால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

புகையிலை நிறுவனங்களும் ஒரு காலத்தில் ஆதாரம் போதாது என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மனிதர் செய்த பொருள் பறவையைக் கொன்ற ஒரு வழக்கில் ஆதாரம் எப்படித் திரண்டது என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். இந்தியாவின் வெண்முதுகுப் பாறுக் கழுகுகள் 1990களில் மடியத் தொடங்கி, பதினைந்தே ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சாத நிலைக்கு வந்தன. பூச்சிக்கொல்லி என்றார்கள், நோய்க்கிருமி என்றார்கள். 2004இல், பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையில் நடந்த ஆய்வு விடையைத் தந்தது. இறந்த கழுகுகளின் உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்திருந்தது, சிறுநீரகம் செயலிழந்திருந்தது. அப்படி இறந்தவற்றின் உடலில் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து இருந்தது. வேறு காரணத்தால் இறந்த கழுகுகளில் அது இல்லை. மாடுகளுக்குப் போடப்பட்ட அந்த மருந்து, மாடு செத்த பிறகு அதன் இறைச்சி வழியாகக் கழுகுக்குப் போயிருக்கிறது. மருந்து ஏறிய இறைச்சியைக் கொடுத்துப் பார்த்தபோது கழுகுகள் அதே விதமாக இறந்தன. உடலில் தடயம், செயல்படும் வழி, சோதித்துப் பார்த்த முடிவு என்று மூன்றும் ஒன்றாக நின்றன. மருந்துத் தொழிலின் பலம் பெரிதுதான், ஆனாலும் 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. நீலகிரியின் சீகூர், மாயாறு பகுதிகளில் இன்றும் பாறுகள் வட்டமிடுவதைப் பார்க்க முடிகிறது. டவர் வழக்கில் இப்படி ஒரு குருவியின் உடலாவது காட்டப்பட்டிருக்கிறதா? செல்போன் நிறுவனங்களின் வார்த்தையை நம்ப வேண்டாம். குருவிகளை எண்ணியவர்கள் அந்த நிறுவனங்களின் ஆட்கள் அல்லர், விடிகாலையில் எழுந்து தொலைநோக்கியோடு போன பல்லாயிரம் ஆர்வலர்கள்.

சரி, நகரத்தில் குருவி ஏன் குறைந்தது? ஒற்றை விடை கிடைக்கவில்லை, பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. லண்டன் குருவிகளில் பறவை மலேரியா பரவலாக இருப்பதை 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் ஊர்களில் ஓட்டுவீட்டின் இறவாணமும், சுவரில் சாய்த்து மாட்டிய படத்தின் பின்புறமும் குருவிக்கு வீடாக இருந்தன. கான்கிரீட் தளமும் கண்ணாடிச் சுவரும் அந்த இடத்தைத் தரவில்லை. நெல்லும் கம்பும் முற்றத்தில் காய்ந்தன, மளிகைக்கடை வாசலில் சாக்கு மூட்டைகள் திறந்து கிடந்தன. இப்போது தானியம் நெகிழிப் பையில் வருகிறது. கிளுவை வேலி போய் மதில்சுவர் வந்துவிட்டது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு டவர் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளும்போது, வீட்டையும் தோட்டத்தையும் தெருவையும் திட்டமிடும் நமக்குச் செய்ய எதுவும் இல்லாமல் போகிறது. தவறாக இருந்தாலும் இந்த நம்பிக்கை குருவி மீது கவனத்தை ஈர்த்ததே என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியாதது இதனால்தான்.

ஈர்த்த கவனம் எங்கே போகிறது என்று பாருங்கள். மார்ச் 20 அன்று மரக்கூடுகள் வழங்கப்படுகின்றன, மாடியில் அரிசியும் தண்ணீரும் வைக்கிறார்கள். நல்ல செயல்தான், வளர்ந்த குருவிக்கு அது போதும். ஆனால் 2000களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கூடுகளைக் கண்காணித்த ஆய்வு, கோடையில் பல குஞ்சுகள் பட்டினியால் இறப்பதைக் கண்டது. தாய் தந்தை கொண்டுவந்த இரையில் தாவர உணவு மிகுந்து பூச்சி குறைந்த கூடுகளில் இழப்பு அதிகம். பொரித்த முதல் சில நாட்களுக்குக் குஞ்சுக்கு வேண்டியது பச்சைப்புழு, அசுவினி, சிலந்தி போன்ற மென்மையான உயிர்கள். அரிசி அதற்கு இரையாகாது. மாடியில் அரிசி வைக்கும் அதே வீட்டில், கீழே செம்பருத்திச் செடியின் அசுவினிக்கு மருந்து அடித்துக்கொண்டிருக்கிறோம்.