தொலைவிலுள்ள குழாயில் வெந்நீரை விரைந்து பெறும் வழிகள்

தில்லி மாநகரின் தென்பகுதியிலுள்ள கிட்வாய் நகர், 1954-இல் காலமான மத்திய அமைச்சர் ரஃபி அகமது கிட்வாயின் பெயர் தாங்கிய அரசு ஊழியர் குடியிருப்பாகும். அதன் கிழக்குப் பகுதியில் பழைய வீடுகள் அகற்றப்பட்டுப் பலமாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. மார்கழி, தை மாதங்களில் அங்கு விடியற்காலை வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் அளவுக்கும் இறங்குவதுண்டு. அக்குளிரில், கீசர் குளியலறையிலும் குழாய் தொலைவில் சமையலறையிலும் இருப்பின், திறந்தவுடன் குளிர்ந்த நீரே வருகிறது. இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

தாமதத்திற்குக் காரணம் கீசர் அன்று. இடையிலுள்ள குழாயில் தங்கி ஆறிய நீரே. அது முற்றும் வெளியேறிய பின்னரே வெந்நீர் வந்து சேரும். எனவே, குழாயிலுள்ள நீரின் அளவை, ஒரு நிமிடத்தில் பாயும் அளவால் வகுத்தால் காத்திருக்கும் காலம் கிடைக்கும்.

20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் மீட்டருக்கு 0.31 லிட்டர் நீர் அடங்கும். 20 மீட்டர் நீளத்தில் 6.3 லிட்டர். நிமிடத்திற்கு 6 லிட்டர் பாய்ந்தால் 63 விநாடி காத்திருக்க வேண்டும். உள்விட்டம் 15 மில்லிமீட்டராயின் நீர் 3.5 லிட்டர், காலம் 35 விநாடி. குளிர்ந்த இரும்புக் குழாய் வெப்பத்தை உறிஞ்சுவதால், உண்மையில் காலம் இன்னும் நீளும்.

இழப்பு நீரோடு நிற்பதில்லை. 60 டிகிரி வெந்நீர் 6.3 லிட்டர், குழாயிலேயே 15 டிகிரிக்கு ஆறினால் ஏறத்தாழ 280 கிலோ கலோரி வீணாகிறது. நாளில் மும்முறை இவ்வாறு நேர்ந்தால் ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் நஷ்டம்.

பரிகாரங்கள் நான்கு. முதலாவது, குழாய்வழியைக் குறுக்குதல். ஒரே குழாய்க்கு நீர் தரும் கிளைவழிக்குப் பெரிய விட்டம் வேண்டுவதில்லை. இரண்டாவது, சமையலறையிலேயே 3 லிட்டர் கொள்ளளவுள்ள சிறு கீசரை நிலத்தொடர்புள்ள மின் இணைப்புடன் பொருத்துதல். எரிவாயு கீசரைக் காற்றோட்டமற்ற அறையில் வைத்தல் கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரைப் போக்கும். மூன்றாவது, குழாய்க்கு வெப்பக் காப்புறை இடுதல். இது அடுத்தடுத்துத் திறக்கும்போது பயன்படும். இரவு முழுவதும் ஆறிய நீரைச் சூடாக்காது. நான்காவது, ஆறிய நீரைச் சிறு பம்பினால் கீசருக்கே திருப்பும் சுற்றுவழி. பம்பு இடையறாது ஓடினால் குழாய் வழியே வெப்பம் வீணாகும். ஆகையால் தேவைப்படும் வேளையில் மட்டும் இயக்குதல் நன்று.

இவை இயலாத வீட்டில், முதலில் வரும் நீரை வாளியில் பிடித்துப் பாத்திரம் துலக்கவோ, துணி அலசவோ பயன்படுத்தலாம்.

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குச் செய்முறைப் பாடமாக்கலாம். குழாயின் நீளத்தையும் உள்விட்டத்தையும் அளந்து காலத்தைக் கணக்கிடுக; பின்னர் வாளி, வெப்பமானி, கடிகாரம் கொண்டு சோதித்து இரண்டையும் ஒப்பிடுக. களப்பணியாளரும் ஆலோசனை கூறுமுன் இவ்வாறே அளத்தல் அவசியம். பெரிய கீசர் வாங்குவதால் இக்குறை தீராது. குறை குழாய்வழியில் உள்ளது.