கேட்டால் சொல்லுங்கள்

கேள்வி: ஃபாதர், நான் தனியார் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். திருநீற்றுப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு போனேன். பக்கத்து இருக்கைத் தோழி, "நீங்களும் விபூதி வைப்பீங்களா?" என்று கேட்டார். "சும்மா, சர்ச்சுல வச்சாங்க" என்று மழுப்பிவிட்டேன். வாயைத் திறந்தால் மதமாற்றம் என்பார்கள், நல்லபடியாக வாழ்ந்து காட்டினால் போதும் என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரிதானே?
- வாசகி, கோவை

பதில்: பாதி சரி, சகோதரி. வாழ்க்கைதான் முதல் சாட்சி. திருத்தந்தை ஆறாம் பவுல் 1975இல் வெளியிட்ட ஊக்கவுரையும் அதைத்தான் முதலில் வைக்கிறது. ஆனால் எவ்வளவு நல்ல சாட்சியும் விளக்கப்படாவிட்டால் நாளடைவில் பலன் தராது என்றும் அது சேர்த்தே சொல்கிறது. நீங்கள் நல்லவர் என்று தோழிக்குத் தெரியும். எந்த நம்பிக்கை உங்களை நடத்துகிறது என்பது நீங்கள் சொன்னால்தானே தெரியும்?

புனித தேவசகாயத்தின் வரலாற்றைப் பாருங்கள். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்டன், சொத்து இழப்பால் மனமுடைந்திருந்தார். அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் குரு அல்ல. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையில் சேர்ந்த டச்சுப் படை அதிகாரி டிலனாய். நண்பரின் துயரத்துக்குத் தனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னார், அவ்வளவுதான். மேலும் கேட்டதும், 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றதும் நீலகண்டனின் சொந்த முடிவு. அதற்காக அவர் பட்டது சிறையும் சித்திரவதையும். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். திருச்சபை 2022இல் அவரைப் புனிதராக அறிவித்தது.

உங்கள் கணவரின் பயத்துக்கு வருவோம். நம்பிக்கையைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தருகிறது. கொள்கையை எடுத்துச் சொல்லலாம், பிறரை மதம் மாற்றுவது உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் அதற்கு எல்லை வகுத்தது. வற்புறுத்தலும் ஆசை காட்டலும் கூடாது என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் நிலைப்பாடும்கூட. தோழியின் கேள்விக்குப் பதில் சொல்வது இந்த எல்லைக்குள்தான் வருகிறது.

என்ன சொல்லலாம்? "போன வருஷக் குருத்தோலையை எரித்த சாம்பல் இது. மண்ணிலிருந்து வந்தவர்கள் மண்ணுக்கே போவோம், அதற்குள் மனம் திருந்துவோம் என்று நினைவூட்டப் பூசுகிறார்கள். இன்றிலிருந்து எங்களுக்குத் தவக்காலம்." இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பிறகு அவருடைய விபூதிக்கு என்ன பொருள் என்று நீங்களும் கேளுங்கள், அக்கறையோடு கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பவர்களுக்குப் பணிவோடும் மரியாதையோடும் விடை சொல்லத் தயாராக இருங்கள் என்கிறது பேதுருவின் முதல் திருமுகம். தெரியாததைக் கேட்டால், "எங்க ஃபாதரிடம் கேட்டுச் சொல்றேன்" என்பதும் நேர்மையான பதில்தான்.

நம்மைப் பற்றி நாம் சொல்லாவிட்டால் வாட்ஸ்அப் சொல்லும். மழுப்பலில்தான் சந்தேகம் முளைக்கிறது என்று உங்கள் கணவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த முறை தோழி கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். "அன்னைக்குச் சரியாச் சொல்லலை" என்று நீங்களே பேச்சை எடுக்கலாம்.